இந்தியப் பட்டாளத்தில் இருந்தவர் நியாயம் கேட்பது எப்படி? சுங்கை சிப்புட் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போகும் ஊர்கள் உண்டு. அந்த ஊர்களோடு மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்கும் சுற்றியுள்ள தோட்டங்களுக்கும் இன்னும் உறவு அறுந்துபோகவில்லை. சிப்பாயாக இருந்து நாற்பது வயதுக்குள் ஓய்வு பெற்று, செம்பனைத் தோட்டத்திலோ சாப்பாட்டுக் கடையிலோ வேலைக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள். இங்கே மருமகளாக வந்த பெண், பட்டாளத்துக்காரரான அப்பா இறந்த பிறகு அம்மாவை அழைத்து வந்து சில மாதம் கூட வைத்துக்கொள்வதும் உண்டு. அவர்கள் கொண்டுவரும் பெட்டியில் பழைய டிஸ்சார்ஜ் புத்தகம் (படையை விட்டு வரும்போது கொடுப்பது) ஒன்றும், பதில் கிடைக்காத விண்ணப்பங்களின் நகல்களும் கிடக்கும். காது கேட்காமல் போய் வீட்டுக்கு அனுப்பப்பட்டவருக்கு இயலாமை ஓய்வூதியம் இல்லை என்று சொல்லியிருப்பார்கள். விதவைக்குக் குடும்ப ஓய்வூதியம் பழைய கணக்கிலேயே வந்துகொண்டிருக்கும்.

"அரசாங்கத்தை எதிர்த்து நாம் என்ன செய்ய முடியும், அதுவும் மலேசியாவில் உட்கார்ந்துகொண்டு" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். விட வேண்டியதில்லை. இதற்கென்றே இந்தியாவில் ஆயுதப் படைத் தீர்ப்பாயம் என்று ஒரு மன்றம் இருக்கிறது. அதன் கிளை சென்னையிலும் இருக்கிறது. இங்கிருந்தபடியே அதில் வழக்குப் போட முடியும். எப்படி என்பதை, இந்த விஷயத்தில் முதல் தடவை இறங்குபவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

இந்த வேலை முழுவதும் கடிதத்திலும் தேதியிலும்தான் நிற்கிறது. நேரில் போய்ச் சொன்னேன், போனில் கேட்டேன், மேஜர் ஐயா பார்த்துக்கொள்கிறேன் என்றார் என்பதெல்லாம் தீர்ப்பாயத்தில் ஏறாது. எழுதிக் கொடுத்தது, அது போய்ச் சேர்ந்ததற்குச் சான்று, எழுத்தில் வந்த பதில், இவை இருந்தால் மட்டுமே அடுத்த கதவு திறக்கும்.

எங்கிருந்து வந்தது இந்தத் தீர்ப்பாயம்?

முன்பெல்லாம் இந்திய ராணுவ நீதிமன்றம் ஒருவருக்குத் தண்டனை கொடுத்துவிட்டால், மேல்முறையீடு செய்ய ஒரு நீதிமன்றம் கிடையாது. படைக்குள்ளேயே மேலதிகாரிக்கு மனுக் கொடுக்கலாம். இல்லையென்றால் உயர்நீதிமன்றத்தில் ரிட், அதாவது அரசின் முடிவு சட்டப்படி சரியா என்று பார்க்கச் சொல்லும் மனு, போட வேண்டும். அதில் சாட்சியத்தை முழுதாக மறுபடி அலச மாட்டார்கள். ஒரே ஒரு மேல்முறையீட்டுக்குக்கூட வழியில்லையே என்று 1982-இல் பிருத்தி பால் சிங் பேடி வழக்கில் உச்சநீதிமன்றமே வருத்தப்பட்டது. 1999-இல் சட்ட ஆணையம் தன் 169-ஆவது அறிக்கையில் தனித் தீர்ப்பாயம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2007-இல் ஆயுதப் படைத் தீர்ப்பாயச் சட்டம் வந்தது. 2009 ஆகஸ்ட் 8-ஆம் தேதி தீர்ப்பாயம் தொடங்கிவைக்கப்பட்டது. முதன்மை அமர்வு டெல்லியில் இருக்கிறது. சென்னை, கொச்சி, மும்பை, கொல்கத்தா, சண்டிகர், லக்னோ, ஜெய்ப்பூர், ஜபல்பூர், குவாஹாத்தி, ஸ்ரீநகர் ஆகிய ஊர்களில் கிளை அமர்வுகள்.

ஒவ்வொரு அமர்விலும் இரண்டு பேர் உட்காருவார்கள். ஒருவர் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னொருவர் படையில் மேஜர் ஜெனரல் அல்லது அதற்கு இணையான பதவி வரை போய் ஓய்வு பெற்றவர். இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. பனிமலையில் காவல் நின்றவனுக்கு ரத்தக்கொதிப்பு ஏன் வந்தது என்பதை, அங்கே ஆட்களை அனுப்பிய அனுபவம் உள்ளவருக்கு அதிகம் விளக்க வேண்டியிருக்காது. சட்டம் என்ன சொல்கிறது என்பதை மற்றவர் பார்த்துக்கொள்வார்.

யார் போகலாம், எதற்குப் போகலாம்?

தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகிய மூன்றிலும் பணியில் இருப்பவர்கள், ஓய்வு பெற்றவர்கள், வெளியேற்றப்பட்டவர்கள் போகலாம். அவர் இறந்துவிட்டால், பணி தொடர்பான விஷயத்தில் மனைவியோ வாரிசுகளோ போகலாம். மத்திய ரிசர்வ் போலீஸ், எல்லைப் பாதுகாப்புப் படை போன்றவற்றில் இருந்தவர்களுக்கு இந்தத் தீர்ப்பாயம் இல்லை. சீருடை ஒரே மாதிரி தெரிந்தாலும் அவை உள்துறை அமைச்சகத்தின் கீழ் உள்ளவை. அவர்களுடைய வழி உயர்நீதிமன்றம்.

சம்பளம், ஓய்வூதியம், பதவி உயர்வு, பணி நியமனம், பணிக்காலம், வெளியேற்றம் எல்லாம் தீர்ப்பாயம் விசாரிக்கும் விஷயங்கள். இடமாற்றமும் லீவும் விசாரிக்கப்படாது. "என் மகனை லடாக்குக்கு மாற்றிவிட்டார்கள், தீர்ப்பாயத்தில் போடலாமா" என்று கேட்டால், முடியாது என்பதே பதில்.

நம் பக்கத்துத் தோட்டங்களில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்றுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். 1943-இல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்து இந்திய தேசிய ராணுவத்தின் தலைமையை ஏற்றபோது, மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து ஏராளமான தமிழர்கள் அதில் சேர்ந்தார்கள். பெண்கள் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார்கள். "எங்கள் தாத்தா நேதாஜி படையில் இருந்தார், நாங்கள் இந்தத் தீர்ப்பாயத்துக்குப் போகலாமா" என்று பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள். பெருமைக்குரிய கேள்விதான். ஆனால் இந்தத் தீர்ப்பாயம் இந்திய அரசின் முப்படைச் சட்டங்களுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டுமே. நேதாஜி படையினருக்கான தியாகி ஓய்வூதியம் வேறு திட்டம். அதைப் பார்ப்பது இந்திய உள்துறை அமைச்சகம்.

முதல் படி: காகிதங்களைச் சேருங்கள்

டிஸ்சார்ஜ் புத்தகம், ஓய்வூதிய ஆணை (பிபிஓ என்பார்கள்), மருத்துவக் குழு அறிக்கை, நிராகரித்த கடிதம் இருந்தால் அது, வங்கிப் பாஸ்புக். இறந்தவர் விஷயமென்றால் இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் வேண்டும். படை எண் எல்லாவற்றுக்கும் சாவி. அதைத் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

காகிதம் இல்லையென்றால் அவர் இருந்த ரெஜிமெண்டின் பதிவு அலுவலகத்துக்கு எழுத வேண்டும். மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் நீலகிரியில் உள்ள வெலிங்டன். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். இதில் மலேசியக் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. அந்தச் சட்டத்தில் கேள்வி கேட்கும் உரிமை இந்தியக் குடிமக்களுக்கு மட்டுமே. மகள் மலேசியக் குடியுரிமை எடுத்துவிட்டிருந்தால் அவர் பெயரில் விண்ணப்பம் போடக் கூடாது. இந்தியக் குடியுரிமை உள்ள அம்மாவின் பெயரிலேயே போட வேண்டும். இது தெரியாமல் மகள் பெயரில் போட்டு, திரும்பி வந்து, மாதக்கணக்கில் வீணாவது வழக்கம்.

படைவீரர் பதிவேடுகளை என்றென்றைக்கும் வைத்திருக்க மாட்டார்கள். ஓய்வூதியம் இல்லாமல் வெளியே வந்தவர்களின் பதிவேடுகள் சீக்கிரமே அழிக்கப்படும். இருபது வருடத்துக்கு முன்பு வெளியே வந்தவர் என்றால் இந்த வாரமே எழுதுங்கள்.

தமிழ்நாட்டில் ஒவ்வொரு மாவட்டத்திலும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. எந்தப் பதிவு அலுவலகத்துக்கு, யார் பெயரிட்டு எழுதுவது என்பதை அவர்கள் சொல்லிவிடுவார்கள். ஊரில் தம்பியோ மைத்துனரோ இருந்தால் நேரில் போகச் சொல்லுங்கள்.

இரண்டாம் படி: படைக்குள்ளேயே முதலில் கேளுங்கள்

நேராகத் தீர்ப்பாயத்துக்குப் போக முடியாது. படைக்குள் இருக்கும் வழிகளில் கேட்டுப் பார்த்த பிறகுதான் வர வேண்டும் என்கிறது 2007 சட்டத்தின் 21-ஆவது பிரிவு. பணியில் இருப்பவருக்கு 1950 ராணுவச் சட்டத்திலேயே முறையீட்டு உரிமை உண்டு. அதிகாரி அல்லாதவர்களுக்கு 26-ஆவது பிரிவு, அதிகாரிகளுக்கு 27-ஆவது பிரிவு. இயலாமை ஓய்வூதியம் மறுக்கப்பட்டவருக்கு முதல் மேல்முறையீடு, இரண்டாம் மேல்முறையீடு என்று இரண்டு தட்டுகள் உள்ளன. நிராகரித்த கடிதத்தின் கடைசிப் பத்தியில், யாரிடம் எத்தனை நாளைக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று இருக்கும். அந்தப் பத்தியை யாராவது தமிழில் படித்துச் சொல்லட்டும்.

மனுவைச் சுருக்கமாக எழுதுங்கள். எப்போது சேர்ந்தார், எப்போது வெளியே வந்தார், என்ன கிடைக்க வேண்டும், என்ன மறுக்கப்பட்டது. குடும்பக் கஷ்டத்தை நான்கு பக்கம் எழுதினால் படிப்பவருக்கு விஷயம் பிடிபடாது. ஒரு பத்தி போதும். ஆனால் அந்த ஒரு பத்தி இருக்கட்டும், அதுவும் உண்மைதானே. ஊரிலிருந்து அனுப்பினால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ரசீதையும் மனுவின் நகலையும் சேர்த்து ஊசியால் குத்தி வையுங்கள். இங்கிருந்து அனுப்பினால் போஸ் மலேசியாவின் பதிவுத் தபால் ரசீது.

மூன்றாம் படி: மாதங்களை எண்ணுங்கள்

மனுவுக்கு இறுதிப் பதில் வந்துவிட்டால், அந்த உத்தரவின் தேதியிலிருந்து 6 மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட வேண்டும். பதிலே வராவிட்டால்? 6 மாதம் பொறுத்திருங்கள். அதற்குள் பதில் இல்லையென்றால், படைக்குள் கேட்டுப் பார்த்துவிட்டீர்கள் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். நீங்கள் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அதிகாரிகள் மௌனமாக இருந்தே ஒருவரை ஓயவைத்துவிட முடியாது என்பதற்காக வைத்த ஏற்பாடு இது. பலருக்கு இது தெரிவதில்லை. பதில் வரட்டும், பதில் வரட்டும் என்று ஐந்தாறு வருடம் காத்திருக்கிறார்கள்.

தாமதமாகிவிட்டது என்றால் கதவு மூடிவிட்டது என்று நினைக்க வேண்டாம். தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. அதற்குத் தனி மனு போட வேண்டும். ஓய்வூதியம் மாதாமாதம் வர வேண்டிய பணம். அது வராத ஒவ்வொரு மாதமும் தவறு புதிதாக நடக்கிறது என்ற பார்வை நீதிமன்றங்களுக்கு உண்டு. 2008-இல் தர்சேம் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் இதை ஏற்றுக்கொண்டது. ஆனால் அதே தீர்ப்பில் ஒரு கட்டுப்பாடும் வைத்தது: இப்படித் தாமதமாக வருபவருக்குப் பழைய நிலுவை, வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய 3 ஆண்டுகளுக்கு மட்டும்.

இதன் பொருளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2010-இல் வெளியே வந்தவர் 2025-இல் வழக்குப் போட்டு வென்றால், பெரும்பாலும் 2022-இலிருந்துதான் நிலுவை கிடைக்கும். நடுவில் 12 வருடப் பணம் போனது போனதுதான். இன்னும் ஒரு தீபாவளி போகட்டும் என்று தள்ளிப்போட்டால், அந்த மாதங்களுக்கான பணமும் கணக்கிலிருந்து கழன்றுபோகிறது.

நான்காம் படி: எந்த ஊர் அமர்வு?

கடைசியாகப் பணியாற்றிய இடமோ, பிரச்சினை எழுந்த இடமோ எந்த அமர்வின் எல்லைக்குள் வருகிறதோ அங்கே போடலாம். பணியிலிருந்து வெளியே வந்தவருக்கு, தான் வழக்கமாக வசிக்கும் ஊரின் அமர்விலேயே போடும் வசதியும் உண்டு. தமிழ்நாடு, புதுச்சேரி என்றால் சென்னை. ராஜஸ்தானில் கடைசிப் பணி என்பதற்காக ஜெய்ப்பூருக்கு அலைய வேண்டியதில்லை. மலேசியாவில் வேலை செய்பவருக்கு ஊரில் வீடும் முகவரியும் இருந்தால் அதை ஒட்டிச் சென்னையில் போடலாமா என்பதை வழக்கறிஞரிடம் முதலிலேயே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். முகவரியைத் தாறுமாறாகக் கொடுத்துவிட்டால் பின்னால் எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும்.

ஐந்தாம் படி: இங்கிருந்து கையெழுத்துப் போடுவது

வழக்குக்கு உங்கள் கையெழுத்து இரண்டு இடங்களில் முக்கியம். ஒன்று வக்காலத்து, அதாவது இந்த வழக்கறிஞர் எனக்காக ஆஜராகலாம் என்று கொடுக்கும் பத்திரம். இன்னொன்று, மனுவில் சொன்னது உண்மை என்ற உறுதிமொழி. இங்குள்ள சத்தியப் பிரமாண ஆணையரிடம் முத்திரை வாங்கி அனுப்பிவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். கோலாலம்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்குவதே பாதுகாப்பு. முன்பதிவு செய்துகொண்டு, அசல் பாஸ்போர்ட்டோடு நேரில் போங்கள். பத்திரத்தில் வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். அதிகாரி முன்னால்தான் போட வேண்டும்.

ஊரில் இருக்கும் ஒருவர் உங்களுக்காக அலுவலகங்களுக்கு நடக்க வேண்டும் என்றால், அவர் பெயருக்கு அதிகாரப் பத்திரம் கொடுக்கலாம். இந்தப் பத்திரம் இந்தியாவுக்குப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் அங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். அதைப் பெட்டியில் வைத்து மறந்துவிட்டால் மறுபடி கோலாலம்பூர் பயணம்தான். பத்திரத்தில் எந்த வேலைக்கு அதிகாரம் என்று வரையறுத்து எழுதுங்கள். வீடு, நிலம், வங்கி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பத்திரம் கொடுப்பது குடும்பங்களை உடைத்திருக்கிறது. இந்த வழக்குக்கு மட்டும் கொடுங்கள்.

தமிழில் உள்ள சான்றிதழ்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும். வாரிசுச் சான்றிதழில் ஒரு எழுத்து, பாஸ்போர்ட்டில் ஒரு எழுத்து என்று பெயர் மாறியிருந்தால் இப்போதே சரிசெய்துவிடுங்கள். அம்மாவின் பெயர் படைப் பதிவேட்டில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி இருப்பது மிகவும் சாதாரணம். வழக்கில் வென்ற பிறகும் பணம் வராமல் இழுப்பது பல நேரம் இந்தப் பெயர் விஷயத்தால்தான்.

ஆறாம் படி: வழக்கறிஞர்

நீங்களே வாதாடலாம், சட்டம் அனுமதிக்கிறது. வெளிநாட்டில் இருப்பவருக்கு அது நடைமுறையில் கடினம். சென்னை அமர்வில் தொடர்ந்து ஆஜராகும் வழக்கறிஞரைப் பாருங்கள்; நிலத் தகராறு பார்க்கும் சொந்தக்காரர் நல்லவராக இருக்கலாம், ஆனால் இது வேறு துறை.

பணம் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். "ஒன்றும் கட்ட வேண்டாம், நிலுவை வந்ததும் முப்பது சதவீதம் கொடுங்கள்" என்று இடைத்தரகர்கள் வருவார்கள். வழக்கின் முடிவைப் பொறுத்தோ, கிடைக்கும் பணத்தில் பங்காகவோ கட்டணம் பேசக் கூடாது என்பது இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் விதி. அப்படிக் கேட்பவர் ஆரம்பத்திலேயே விதியை மீறுகிறார். கட்டணத்தை முன்கூட்டியே பேசி, வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள்.

விதவைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்தியாவில் 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆவது பிரிவுப்படி, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கலாம். இது தர்மம் இல்லை, உரிமை. கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

வழக்கு எப்படி நடக்கும்?

மனு பதிவானதும் ஓ.ஏ. (மூல மனு என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று தொடங்கும் எண் கிடைக்கும். அதைக் குறித்து வையுங்கள்; வழக்கின் நிலையை இணையத்தில் பார்க்க அதுதான் வேண்டும். மனு ஏற்கப்பட்டதும் அரசுத் தரப்புக்கு நோட்டீஸ் போகும். அவர்கள் பதில் தாக்கல் செய்ய அவகாசம் கேட்பார்கள், மறுபடியும் கேட்பார்கள். பொறுமை வேண்டிய கட்டம் இதுதான். அவர்கள் பதில் வந்ததும் உங்கள் வழக்கறிஞர் மறுப்புரை போடுவார், பிறகு வாதம். வழக்கறிஞர் ஆஜராகிறார் என்றால் நீங்கள் ஒவ்வொரு தேதிக்கும் விமானம் ஏற வேண்டியதில்லை. ஆனால் அரசுத் தரப்புப் பதிலின் நகலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். "இவர் சேரும்போதே நோய் இருந்தது" என்று அதில் எழுதியிருந்தால், இல்லை என்று சொல்லக் கூடியவர் நீங்கள் மட்டும்தான்.

இயலாமை ஓய்வூதியம்: இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்

என்னிடம் வரும் கேள்விகளில் அதிகம் இதுதான், அதனால் விரிவாகவே சொல்கிறேன். ஒருவர் வெளியே வரும்போது மருத்துவக் குழு அவரைப் பரிசோதித்து இரண்டு விஷயங்களை எழுதும். இயலாமை எத்தனை சதவீதம்? அது படைப் பணியால் வந்ததா, அல்லது பணியால் மோசமானதா? சதவீதம் குறைந்தது 20 இருக்க வேண்டும். இரண்டாவது கேள்விக்குத்தான் பெரும்பாலும் "இல்லை" என்று ஒரு வரியில் எழுதிவிடுவார்கள்.

2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னது படைவீரர்களுக்குப் பெரிய பலம். படையில் சேர்க்கும்போது மருத்துவப் பரிசோதனை செய்துதான் சேர்க்கிறார்கள். அப்போது அந்த நோய் பற்றி எதுவும் குறிக்கப்படவில்லை என்றால், அவர் நல்ல உடலோடு சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும். பின்னால் வந்த நோய் பணியால் வந்ததல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது, சிப்பாயுடையது அல்ல. மருத்துவக் குழுவும் காரணம் எழுதியாக வேண்டும், வெறும் "இல்லை" போதாது.

அதனால் உங்கள் காகிதங்களில் இந்த மூன்றைத் தேடுங்கள்: சேர்ந்தபோது எடுத்த மருத்துவப் பதிவில் அந்த நோய் குறிக்கப்படவில்லையா, வெளியேறியபோது மருத்துவக் குழு காரணம் எழுதியிருக்கிறதா, நோய் முதலில் தெரிந்தபோது அவர் எங்கே பணியில் இருந்தார். வழக்கின் எலும்பு இவைதான். அவர் லீவில் ஊருக்கு வந்திருந்தபோது அடிபட்டது போன்ற நிலைமைகளில் விடை மாறும். அங்கே அடிபட்ட விதமும் பணியோடு அதற்கிருந்த தொடர்பும் பார்க்கப்படும்.

சதவீதத்தை மேல்நோக்கிக் கணக்கிடும் ஏற்பாடும் உண்டு. 50-க்குக் குறைவானது 50 ஆகவும், 50 முதல் 75 வரை உள்ளது 75 ஆகவும், அதற்கு மேல் 100 ஆகவும் எடுத்துக்கொள்ளப்படும். நோயின் காரணமாக வெளியேற்றப்பட்டவர்களுக்கு மட்டும்தான் இது என்று அரசுத் தரப்பு வாதிட்டது. பணிக்காலம் முடிந்து வந்தவர்களுக்கும் உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்சநீதிமன்றம் முடிவு செய்தது. 30 சதவீதம் என்று பென்சன் வாங்கிக்கொண்டு, 50-க்கான தகுதி இருப்பதே தெரியாமல் இருப்பவர்கள் இருக்கிறார்கள். உங்கள் ஓய்வூதிய ஆணையை எடுத்துப் பாருங்கள். 2023 செப்டம்பர் 21-க்குப் பிறகு வெளியே வந்தவர்களுக்குப் புதிய விதிகள் வந்திருப்பதால், அவர்கள் மேலே சொன்னதை அப்படியே தங்களுக்குப் பொருத்திக்கொள்ள வேண்டாம்.

ராணுவ நீதிமன்றத் தண்டனை என்றால்

முறையீடு முதலில் ராணுவச் சட்டத்தின் 164-ஆவது பிரிவில் படைக்குள். பிறகு தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு. சாட்சியம் தாங்காத தீர்ப்பு, சட்டப் பிழை, விசாரணையில் பெரிய ஒழுங்கீனம் இருந்தால் தீர்ப்பாயம் அதை ரத்து செய்யலாம், தண்டனையைக் குறைக்கலாம், மறுவிசாரணைக்கு அனுப்பலாம். ஜாமீன் கொடுக்கும் அதிகாரமும் உண்டு. இப்படிப்பட்ட வழக்கில் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் வழக்கறிஞரைப் பிடியுங்கள். இந்தக் கட்டுரை அதற்குப் போதாது.

தீர்ப்பு வந்த பிறகு

வென்றால் அரசுக்குச் சில மாத அவகாசம் கொடுத்து உத்தரவு வரும். அதற்குள் செய்யவில்லை என்றால் நிறைவேற்று மனு போட வேண்டும். திருத்திய ஓய்வூதிய ஆணை வந்ததும், எந்தத் தேதியிலிருந்து, எத்தனை சதவீதம் என்பதைத் தீர்ப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஸ்பர்ஷ் என்ற படை ஓய்வூதிய இணையதளத்தில் உள்ள கணக்கின் கைபேசி எண் வேலை செய்கிறதா என்று பாருங்கள். இந்திய சிம் கார்டு செத்துப்போனால் ஓடிபி வராது. ஆண்டுக்கு ஒருமுறை உயிர்ச் சான்றிதழ் கொடுக்க மறக்காதீர்கள்.

தோற்றால் உச்சநீதிமன்றத்துக்குப் போக அனுமதி வேண்டும், பொது முக்கியத்துவம் உள்ள சட்டக் கேள்வி இருந்தால்தான் அனுமதி கிடைக்கும். அந்த அனுமதியைத் தீர்ப்பாயத்திடமே 30 நாளைக்குள் கேட்க வேண்டும். சாதாரணச் சிப்பாய்க்கு அது எட்டாத உயரம். அதனால்தான் 2023 மார்ச்சில் பரஷோத்தம் தாஸ் வழக்கின் தீர்ப்பு முக்கியம். தீர்ப்பாயத்தின் உத்தரவை எதிர்த்து உயர்நீதிமன்றத்தில் ரிட் போடும் வழி அடைபடவில்லை என்று உச்சநீதிமன்றம் அதில் சொன்னது. 2015-இல் வந்த ஒரு தீர்ப்பைப் பிடித்துக்கொண்டு, இனி வழியில்லை என்று யாராவது சொன்னால் இதை எடுத்துக் காட்டுங்கள்.

நம் நாட்டுப் படையில் இருக்கும் பிள்ளைகளுக்கு

மலேசிய ஆயுதப் படையில் சேர்ந்த நம் பிள்ளைகளின் பெற்றோரும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். இங்கே இந்தியாவில் உள்ளதுபோல் நிலையான தீர்ப்பாயம் இல்லை. 1972 ஆயுதப் படைச் சட்டத்தின் கீழ், குற்றச்சாட்டுக்கு ஏற்ப ராணுவ நீதிமன்றம் கூட்டப்படும். வேலை முடிந்ததும் கலையும். ஒழுங்கும் நிர்வாகமும் கூட்டரசு அரசியலமைப்பின் 137-ஆவது விதிப்படி ஆயுதப் படை மன்றத்தின் பொறுப்பு. மற்ற அரசு ஊழியர்களை விளக்கம் கேட்காமல் பணிநீக்கம் செய்யக் கூடாது என்று 135-ஆவது விதி சொல்கிறது. அந்தப் பாதுகாப்பு ஆயுதப் படையினருக்கு நீட்டிக்கப்படவில்லை. அதனால் இங்கே எழுத்தில் உள்ள காகிதத்துக்கு இன்னும் அதிக மதிப்பு.

குறை இருந்தால் முதலில் கட்டளை அதிகாரிக்கு எழுத்தில், நகல் வைத்துக்கொண்டு. படையை விட்டு வந்தவர்களின் நலன், பென்சன் விஷயங்களுக்கு முன்னாள் படைவீரர் விவகாரத் துறை இருக்கிறது. பணிநீக்கம் போன்ற ஒரு முடிவு சட்டப்படி தவறு என்று நினைத்தால், உயர்நீதிமன்றத்தில் நீதிமுறை மறு ஆய்வு கேட்கலாம். சுங்கை சிப்புட்டுக்கு அது ஈப்போ. நீதிமன்ற விதிகளின் 53-ஆவது ஆணைப்படி, முடிவு தெரிவிக்கப்பட்டதிலிருந்து 3 மாதத்துக்குள் அனுமதி மனு போட்டாக வேண்டும். பையன் கேம்பிலிருந்து வீட்டுக்கு வந்து, வெட்கத்தில் எதுவும் சொல்லாமல் அறையில் படுத்திருக்கும் வாரங்களும் அந்த 3 மாதத்தில் சேரும். கடிதத்தை வாங்கித் தேதியைப் பாருங்கள், அந்த வாரமே ஈப்போவில் ஒரு வழக்கறிஞரைப் போய்ப் பாருங்கள்.